மீட்டரை நம்பி வாங்கியவனின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த ஒரு பதிலைப் படித்ததிலிருந்து கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க ஆசை, எதைப் பார்த்து வாங்குவது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வண்டிக்குப் பத்து வயது ஆகியிருந்தாலும் பரவாயில்லை, கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று பதில் போட்டிருந்தீர்கள். அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய ஆள் நான். அதற்கப்புறம் பதினான்கு மாதங்களில் அந்த வண்டி என்னிடம் இருந்த நாட்களைவிடப் பட்டறையில் கிடந்த நாட்கள்தான் அதிகம்.

நான் வாங்கியது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, துணிக் கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடக்கூடிய வண்டி. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், தப்பு கம்பெனி மேல் இல்லை. வயது பதினொன்று, ஓடியது 19,000 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் வருடத்துக்கு 1,700 சொச்சம்தான் வருகிறது. விற்றவர் பொய் சொல்லவில்லை, மீட்டரில் கை வைக்கவும் இல்லை, நிஜமாகவே அவ்வளவுதான் ஓடியிருந்தது, மிச்ச நேரமெல்லாம் போர்வை போர்த்தி நிறுத்தியே வைத்திருந்தார் மனிதர். பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. சீட்டில் ஒரு சுருக்கம் கிடையாது. நானும் பானட்டைத் திறந்து, ஏதோ விஷயம் தெரிந்தவன் போலத் தலையை ஆட்டிவிட்டு, பணத்தைக் கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் வாரமே முன் பிரேக்கில் ஒன்று பிடித்துக்கொண்டது. பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கிற காலிப்பருக்குள் இருக்கிற பிஸ்டன் வருடக்கணக்காக அசையாமல் துருவேறி, அழுத்தினால் போகிறது, விட்டால் திரும்பி வர மாட்டேன் என்கிறது. அதைச் சரிசெய்து எடுத்து வந்தால், எஞ்சினின் பிரதான தண்டைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையம், அதாவது கிராங்க் ஷாஃப்ட் சீல் வழியாக ஆயில் கசிந்து வண்டி நின்ற இடமெல்லாம் புள்ளி போட்டது. மூன்றாவது மாதம் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் போகிற ரப்பர் குழாய், கூலன்ட் ஹோஸ் ஒன்று வெடித்து நட்ட நடு ரோட்டில் ஆவி பறக்க நின்றேன். அப்போது வந்து பார்த்த மெக்கானிக் டயரைப் பார்த்துவிட்டு, "சார், இது வண்டியோட பொறந்த டயர் சார்" என்றார். ரோட்டில் படுகிற பட்டன் தேயாமல் ஆழமாக இருக்கிறதே என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒன்று சொன்னார்: "ஓடினா தேயும், நின்னா இத்துப்போகும்."

உண்மை அதுதான். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் நீளமான எண் ஒன்று இருக்கும், அதன் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 3514 என்றால் 2014ஆம் வருடத்தின் 35ஆவது வாரம். பட்டன் எவ்வளவு ஆழம் இருந்தாலும் பத்து வருடம் ஆன ரப்பர் கெட்டிப்பட்டுப் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும், அதுவும் மழையில், அதுவும் பின் சக்கரத்துக்கு முழு சக்தியும் போகிற ஒரு வண்டியில், அந்த டயரோடு வளைவில் கொஞ்சம் அவசரமாக மிதித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ஆகவில்லை, தெய்வாதீனம்.

டயர் மட்டுமா? ஹோஸ், சீல், புஷ், எஞ்சின் மவுன்ட் எல்லாமே ரப்பர்தான். எஞ்சின் ஓடும்போது சீல்களின் விளிம்பில் ஆயில் பட்டுக்கொண்டே இருக்கும், மாதக்கணக்கில் நின்றால் காய்ந்து இறுகிவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, ஈரம் ஏறிய பிறகு அதே விதி 155 டிகிரி போதும் என்கிறது. இறக்கத்தில் நாலு தடவை அழுத்திப் பிடித்தால் பிரேக் சூடாகி ஆயில் கொதிக்கத் தொடங்கும், குழாயில் ஆவி சேரும், பெடல் கால் வைத்ததும் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்று என்கிறார்கள். அந்த இரண்டு வருடக் கணக்கு மீட்டரில் தெரியாது.

எல்லாவற்றையும்விட என்னைக் கிலி பிடிக்க வைத்தது டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கிற பல் வைத்த ரப்பர் பெல்ட். சீல் மாற்றுவதற்காக மூடியைக் கழற்றியபோதுதான் பார்த்தோம், கம்பெனியில் போட்ட அதே பெல்ட், பல் பக்கமெல்லாம் வெடிப்பு. சர்வீஸ் புத்தகத்தில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முதலில் வருகிறதோ அது, என்று எழுதியிருக்கிறார்கள். விற்றவர் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறார், நான் எதையுமே படிக்கவில்லை. பல எஞ்சின்களில் இந்த பெல்ட் அறுந்தால் வால்வுகள் பாதியில் நிற்க, கீழிருந்து வரும் பிஸ்டன் அவற்றில் போய் இடிக்கும். அப்புறம் எஞ்சினைத் திறந்து செலவு செய்வதா, வேறு எஞ்சின் தேடுவதா என்று யோசிக்க வேண்டியதுதான்.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு கண்கட்டு இருக்கிறது. வண்டியின் விலை வருடா வருடம் இறங்கும், ஆனால் அதன் உதிரி பாகத்தின் விலை புது வண்டிக்கு என்னவோ அதுவேதான், சில சமயம் கூடவும் செய்யும். பதினைந்து வயதான ஒரு பெரிய வண்டி சாதாரணப் புதுக் கார் விலைக்கு வந்துவிட்டது என்று மகிழ்ந்து வாங்குகிறவர், அதன் கிளட்சுக்கும் பிரேக் டிஸ்க்குக்கும் அந்தப் பெரிய வண்டிக்கான பில்லைத்தான் கட்டப் போகிறார். யானை சும்மா கிடைத்தாலும் கட்டித் தீனி போட வேண்டுமே. ஆகவே வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது பில் கட்டு. எந்த வருடம் என்ன மாற்றினார்கள், யார் மாற்றினார்கள், பழுது வருவதற்கு முன்பே மாற்றினார்களா அல்லது வந்தபிறகா, இதெல்லாம் அந்தக் காகிதங்களில் இருக்கும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி, தடிமனான பில் கட்டோடு வருகிற வண்டியை, இருபதாயிரம் ஓடி வெறும் கையோடு வருகிற வண்டிக்கு முன்னால் நான் வைப்பேன். இதைச் சொன்னால் என் நண்பர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குலநோய் உண்டு என்பதையும் நீங்கள் எழுதியிருக்கலாம். 1996இல் வந்த முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரிலும், அதற்கு அடுத்து வந்த 996 ரக 911 வண்டிகளிலும் எஞ்சினுக்குள் ஒரு இடைநிலைத் தண்டு இருக்கிறது, அதன் முனையில் ஒரு பேரிங். அது உடைந்தால் மொத்த எஞ்சினும் போனது. எல்லா வண்டியிலும் உடைவதில்லை, ஆனால் அமெரிக்காவில் வழக்குப் போட்டு 2013இல் சமரசம் ஆகிற அளவுக்குப் பெயர் கெட்டது. அந்த பேரிங் கிளட்சை ஒட்டியிருக்கிற ஃபிளைவீலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது, அதனால் கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும்போதே இதையும் சேர்த்து மாற்றிவிடுவது வழக்கம், கூலி ஒன்றாகப் போய்விடும். ஆக அந்த ரக வண்டியை விற்கிறவரிடம் ஒரே கேள்வி போதும்: கிளட்ச் மாற்றினீர்களே, பேரிங்கை என்ன செய்தீர்கள்? இன்னொன்று, இந்த எஞ்சினில் ரொம்ப நாள் பழகிய மெக்கானிக்குகள் பலர், அடிக்கடி ஓடி அடிக்கடி ஆயில் மாறிய வண்டியைத்தான் நம்புகிறார்கள், நின்றே கிடந்ததை இல்லை. அதே 996இல் டர்போ, ஜிடி3 என்ற இரண்டு மாடல்களுக்கும் எஞ்சின் வேறு, அந்த பேரிங் தொல்லை அவற்றில் இல்லை. வெளியே பார்த்தால் ஒரே குடும்பம்.

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 இன்னொரு கதை. 2003இல் வந்தது, பிஸ்டனே இல்லாத ரோட்டரி எஞ்சின், முக்கோண வடிவ ரோட்டார் சுழல்கிறது. அதன் முனைகளில் இருக்கிற சீல்களுக்கு மசகு வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் ஆயிலை உள்ளே விட்டு எரிப்பதே அதன் அமைப்பு, ஆகவே ஆயில் குறைவது நோய் இல்லை, ஆயில் அளவைப் பார்க்காமல் ஓட்டுவதுதான் நோய். எஞ்சினுக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று, அதாவது கம்ப்ரஷன் பார்க்கச் சாதாரண கருவியை மாட்டினால் அது மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் காட்டி நம்மை ஏமாற்றும், ரோட்டரிக்கென்றே தனிக் கருவி உண்டு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, இரண்டடி நகர்த்தி, உடனே அணைத்தால் பெட்ரோல் தேங்கி மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்யும். எங்கும் போகாமல் வீட்டு வாசலில் துடைப்பதற்காக மட்டும் நகர்த்தப்பட்ட வண்டிக்கு இதைவிடக் கெட்டது வேறென்ன?

ஹோண்டா எஸ்2000இன் இரண்டு லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும், அதற்காகவே பிறந்தது, அதற்காக யாரும் அழ வேண்டாம். வேகமாகப் போகும்போது ஐந்தாவது கியருக்குப் பதிலாக மூன்றாவதில் தள்ளிவிட்டால்தான் வம்பு. சுற்று எல்லை மீறாமல் தடுக்க வைத்திருக்கிற ரெவ் லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும், சக்கரம் எஞ்சினைப் பிடித்துச் சுற்றுவதை எதுவும் நிறுத்தாது. வால்வு பாகங்கள் அன்றைக்கே அடிபட்டு, வேறொருவர் கையில் போய் உடையும். போர்ஷேயில் இந்த மாதிரி எல்லை மீறிய சுற்றுகளை எஞ்சின் கணினியே எழுதிவைத்துக்கொள்ளும், எத்தனையாவது மணி நேரத்தில் நடந்தது என்பதோடு. அந்த மணிக் கணக்கு வேறு ஒன்றுக்கும் உதவும். மீட்டர் 60,000 கிலோமீட்டர், கணினி 1,500 மணி நேரம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 40, நம்பலாம். அதே 60,000க்கு 4,000 மணி நேரம் என்று காட்டினால் சராசரி 15தான் வருகிறது, மீட்டர் பின்னால் போயிருக்கிறதா என்று தோண்டித் துருவ வேண்டும். ஃபெராரி எஃப்355 வாங்கப் போகிறவர் யாராவது இதைப் படித்தால், டைமிங் பெல்ட் மாற்றவே எஞ்சினைக் கீழே இறக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போகும்போது வண்டி குளிர்ந்திருக்க வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நான் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யலாம் என்று. போனதும் முதலில் பானட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒரு சத்தத்தை அல்லது புகையை உங்கள் காதுக்கும் கண்ணுக்கும் எட்டாமல் செய்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நீலப் புகை ஆயில், நிற்காமல் வரும் வெள்ளைப் புகை கூலன்ட், கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம். ஓட்டும்போது முதலிலிருந்து இரண்டாவது கியர் மாற்றும் இடத்தில் கரகரவென்றால் கியர்களை உரசாமல் சேர்த்துவைக்கிற சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. மேல் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே முழுதாக மிதியுங்கள், எஞ்சின் சுற்றைக் காட்டுகிற முள் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து டயரின் உள் விளிம்பைத் தடவிப் பாருங்கள், இந்த வண்டிகளில் சக்கரம் உள்பக்கம் சாய்ந்தே நிற்கும், வெளியே புதிதாகத் தெரியும் டயர் உள்ளே கம்பி தெரிகிற அளவுக்குப் போயிருக்கும். நாலு சக்கரத்திலும் நாலு கம்பெனி டயர் போட்டிருக்கிற வண்டிக்கு ஆயில் மட்டும் ஒழுங்காக மாற்றியிருப்பார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. துணிக் கூரை வண்டி என்றால் சீட்டுக்குப் பின்னால் மழைநீர் வடிகிற துளைகளைத் தேடிப் பாருங்கள். என்னுடையதில் இலைச் சருகு அடைத்து, தண்ணீர் கதவுக்குக் கீழே இருக்கிற பெட்டிக்குள் இறங்கி, பளபளக்கிற பெயின்டுக்குப் பின்னாலிருந்தே துரு தின்றுகொண்டிருந்தது. மாஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் இரண்டு தலைமுறைகளுக்கு இது பிரபலமான வியாதி, என் வண்டி அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, துணிக் கூரை இருக்கிற எதற்கும் வரலாம்.

வண்டியின் கணினியில் பழுதுக் குறியீடு பார்க்கிற சின்னக் கருவி ஒன்று இப்போது எல்லா மெக்கானிக்கிடமும் இருக்கிறது. அதில் எச்சரிக்கை ஏதும் இல்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் அதே கருவி காட்டும். எல்லாம் முடியாமல் இருக்கிறது என்றால் சமீபத்தில்தான் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அப்படிக் காட்டும் என்பார்கள், சரி, நேற்றைக்கு எதற்குக் கழற்றினீர்கள் என்று கேட்டுவிடலாம். இவ்வளவையும் நாமே பார்த்த பிறகும், அந்தக் குறிப்பிட்ட மாடலைப் பிரித்துப் பழகிய ஒருவருக்குக் கூலி கொடுத்து, லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்வதைத் தவிர்க்கக் கூடாது. மேலே தூக்கிப் பார்க்க விற்பவர் மறுத்தால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம்.

வாங்கியாகிவிட்டது என்றால், பராமரிப்பில் பாதி ஓட்டுவதுதான். வாரத்துக்கு ஒரு தடவையாவது எடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடாகிற வரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது ஓட்டாமல் இருப்பதைவிட மோசம், எரிப்பில் உண்டாகிற ஈரம் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். கிளப்பியதும் மெதுவாக நகர்ந்துவிட வேண்டும், தண்ணீர் சூடு காட்டுகிற முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் சூடாக இன்னும் சில கிலோமீட்டர் பிடிக்கும், அதுவரை வலது காலுக்கு அடக்கம் வேண்டும். டர்போ இருந்தால் வீட்டுக்கு வருகிற கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வாருங்கள். வெளியூர் போகிற மாதங்களில் பேட்டரிக்கு மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் கருவியை மாட்டிவையுங்கள், அலாரமும் கணினிகளும் நின்ற இடத்திலேயே உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஆயிலைக் கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றி, ஃபில்டரை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பளபளவென்று உலோகத் துகள் இருந்தால் எஞ்சின் கடிதம் போட்டிருக்கிறது என்று அர்த்தம். வாங்க வைத்திருக்கிற பணத்தில் ஒரு பங்கை வண்டிக்குக் கொடுக்காமல் முதல் வருடச் செலவுக்கென்று தனியே எடுத்துவைத்துவிடுங்கள், அதற்கு இடமில்லை என்றால் கொஞ்சம் சின்ன வண்டியாகப் பாருங்கள். சைலன்சர் மாற்றுவது, ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது, இதைப் பற்றியெல்லாம் எழுதினால் என் ரத்த அழுத்தம் ஏறும், விட்டுவிடுகிறேன்.

என் வண்டி இப்போது 41,000 ஓடியிருக்கிறது. பெல்ட், ஹோஸ், சீல், டயர் எல்லாம் மாற்றியாயிற்று, துருப் பிடித்த இடத்தை வெட்டி எடுத்து ஒட்டு போட்டாயிற்று. போன மாதம் விலை கேட்டு வந்த ஒருவர் மீட்டரைப் பார்த்துவிட்டு, "கிலோமீட்டர் ஜாஸ்தியா இருக்கே சார்" என்று முகம் சுளித்தார். பில் கட்டை எடுத்து நீட்டினேன், அவர் கையில் வாங்கக்கூட இல்லை. வாகனப் பக்கத்தில் பழைய வண்டி பற்றி யாராவது மறுபடி கேட்டால், எத்தனை கிலோமீட்டர் என்பதோடு பெல்ட் எந்த வருடம் மாற்றியது என்பதையும் கேட்கச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த வாசகர் இன்னும் வாங்கியிருக்க மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவும் எழுதினேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்